அண்ணன் குடிக்காத டீ

போன வாரம் புஷ்ராவை நாம் விட்டுவந்தபோது, அவள் ஒரு வெள்ளைக் கவரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டினதைத் திரும்பவும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவருக்குள் இருந்தது அவளுடைய தையல் கடையின் முதல் லாபத்தில் பாதி. அது அண்ணன் அஃப்தாபின் பங்கு. அதை அவன் கையில் கொடுக்கப்போகும் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

அவளைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புஷ்ராவின் புருஷன் ஃபராஸ் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். ஆஸ்பத்திரி அவள் வளையலையும் சங்கிலியையும் தின்று முடித்துவிட்டு அதற்கு மேலும் கேட்டது. மேலே கேட்டதை அண்ணன் கொடுத்தான். எங்கிருந்து எடுத்தான் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை.

புருஷன் போனபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்து அவள் எழுந்ததும், மேற்கு மாம்பலத்தில் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை பிடித்து, இரண்டு பவர் மெஷினும் ஓர் ஓவர்லாக்கும் வாங்கிப் போட்டவனும் அவன்தான். திருப்பித் தர வேண்டாம் என்றான். அவள் ஒப்பவில்லை.

"அப்போ கூட்டுண்ணே. லாபத்துல பாதி உனக்கு. நஷ்டம்னாலும் பாதி உனக்கு" என்றாள்.

அஃப்தாப் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலைத்தான் அவள் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள்.

*

காலையில் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தம்ரூட் வெந்துகொண்டிருந்தது. ரவையும் பாலும் நெய்யுமாக, அடியில் பொன்னிறம் பிடிக்கிற வாசனை சந்து முழுக்கப் போனது. அஃப்தாபுக்குச் சின்ன வயதிலிருந்தே தம்ரூட் என்றால் அந்த அடிக்கருகல்தான் வேண்டும். புஷ்ரா அதைத் தனியாகச் சுரண்டி டப்பாவின் ஓரத்தில் வைத்தாள்.

"இன்னா புஷ்ரா, எனக்கு ஒரு விள்ளல்கூட இல்லியா?" என்றாள் ஹாஜிரா பீ. கடையில் ஹெம்மிங்கும் ஹூக்கும் அவள் வேலை. ஊசி ஒரு பக்கம் போனால் வாய் ஒரு பக்கம் போகும்.

"அண்ணன் சாப்பிட்டுட்டு மிச்சம் இருந்தா உனக்குத்தான்க்கா."

"உங்கண்ணன் எங்க சாப்புடுறாரு? வாரத்துக்கு ரெண்டு தபா வர்றாரு, வாசல்லயே நின்னுக்கினு மெஷின் ஓடுதான்னு பாத்துட்டுப் போறாரு. ஒரு நாளாச்சும் ஒரு வாய் டீ குடிச்சாரா? நம்ம டீ அவ்ளோ மோசமாவா கீது?"

"நோன்பா இருக்கும்."

"வருசம் பூராவுமா?"

புஷ்ரா சிரித்துவிட்டாள். அண்ணனுக்கு வேலை அப்படி. கல்யாண ப்ளவுஸுகளுக்கு ஆரி ஒர்க் போட்டு தி. நகர் கடைகளுக்குக் கொடுக்கிறவன். நாளெல்லாம் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் குனிந்து கிடப்பவனுக்கு டீ குடிக்க ஏது நேரம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் மதுவந்தி ப்ளவுஸ் வாங்க வந்தாள். பக்கத்துத் தெருக்காரி. பேங்கில் கடன் பிரிவில் வேலை. போட்டுப் பார்த்துவிட்டு வந்து, கை இறக்கம் சரியாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னாள்.

"நீங்க இந்தக் கடையப் பெருசாக்கணும் புஷ்ரா. பெண்களுக்குன்னு குறைஞ்ச வட்டில லோன் இருக்கு. நானே எல்லாம் பண்ணித் தரேன்னு எத்தனை தடவை சொல்லிண்டே இருக்கேன்!"

"நாங்க வட்டி வாங்குறதும் கெடையாது, குடுக்குறதும் கெடையாதும்மா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் வயித்தெரிச்சல். இந்தச் சந்துலயே உங்களாட்டம் எத்தனை பேர்! கைல தொழில் இருக்கு, ஆர்டர் இருக்கு. பேங்க் வாசல் வரைக்கும் வந்து, வட்டின்னதும் திரும்பிடறா. வட்டியில்லாம கூட்டு சேர்ந்துக்கற பேங்க் ஒண்ணு இந்த ஊர்ல இருந்தா நானே அங்க வேலைக்குப் போயிடுவேன்."

"எங்களுக்குப் பள்ளிவாசல்ல பைத்துல்மால் இருக்கே. வட்டியில்லாம குடுப்பாங்க. ஆனா நகை வெச்சாத்தான். என் கழுத்துல இருக்கறது கறுப்பு நூல்." சொல்லிவிட்டுக் கவரை எடுத்துக் காட்டினாள். "எனக்கு எதுக்கும்மா பேங்க்? எங்கண்ணந்தான் எனக்கு பேங்க். இன்னிக்கு அவரு பங்கக் குடுக்கப் போறேன்."

மதுவந்தி அவள் முகத்தையே பார்த்தாள். "எங்காத்துலயும் ஒரு அண்ணா இருக்கானே!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள்.

*

அஃப்தாப் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மாடியில் வாடகைக்கு ஒரு கூடம், ஓர் அறை. கூடத்தில் வேலை, அறையில் வாழ்க்கை. படியேறும்போது புஷ்ராவுக்கு மார்பு படபடவென்று அடித்தது, பரீட்சையில் முதல் தரம் பாஸான பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி.

அண்ணன் மனைவி ரூபீனா கதவைத் திறந்தாள். கழுத்தில் ஒரு குந்துமணி தங்கமில்லை. அதை புஷ்ரா அப்போது கவனிக்கவில்லை.

"பாபி, அண்ணன் எங்க?"

"பாண்டி பஜார்ல சரக்குக் குடுக்கப் போயிருக்காரு. அப்படியே ஜும்ஆ முடிச்சுட்டு வருவாரு."

"நீங்களே வாங்கிக்குங்க. அண்ணனோட பங்கு. முதல் பங்கு."

ரூபீனாவின் கை நீளவில்லை. சூடான பாத்திரத்தைக் கண்டதுபோல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டது. "எங்கிட்ட வேணாம் புஷ்ரா. அவர்கிட்டயே குடு."

"சரி, இதையாச்சும் வெச்சுக்குங்க. தம்ரூட். அடிக்கருகல தனியா வெச்சிருக்கேன்."

டப்பாவை வாங்கி ஜன்னல் ஓரமாக வைத்தாள் ரூபீனா. அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. திறந்து பார்க்கவுமில்லை. வெயிலைப் பற்றி இரண்டு பேச்சு, அவ்வளவுதான்.

புஷ்ரா தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் போனபிறகுதான் குடை ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள். மாடிப்படியின் திருப்பத்தில் அவள் கால் நின்றது.

மேல்படியில் ரூபீனா நின்றுகொண்டிருந்தாள். தெரு கூட்டுகிற அம்மாளின் பையில் அந்த டப்பாவைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாயம்மா, முழுசாவா? நெய் மணக்குது. நீங்க எட்த்துக்கலியா?"

"நீ கொண்டுபோ. டப்பாவும் வேணாம்."

டப்பாவும் வேண்டாம். புஷ்ரா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்த அம்மாள் இறங்கிப் போகும்போது அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். புஷ்ராவுக்குக் குடை வேண்டியிருக்கவில்லை.

பாபிக்குப் பொறாமை என்று நினைத்தாள். நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பொறாமையை அண்ணனிடம் சொல்லி அழலாம். அண்ணன் இரண்டு பக்கமும் அதட்டுவான். எல்லா வீட்டிலும் உள்ளதுதானே.

*

அவள் பள்ளிவாசல் தெருவுக்குப் போனபோது ஜும்ஆ தொழுகை கலைந்து, கடைசி ஆட்கள் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். புஷ்ரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிற அப்துல் கரீம் பாய் அவளைக் கண்டுகொண்டார்.

"அஃப்தாப் தங்கச்சிதானே? அண்ணன் தொழுதுட்டு உடனே போயிட்டாரேம்மா. திரும்பவும் பாண்டி பஜாருன்னாரு." கேட்டை மூடப்போனவர், சின்னக் குறையொன்று மனதில் இருக்க, அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் நின்றார். "அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைம்மா. கக்கூஸ் வேலை பாதியில நிக்குது. கதவு இல்லாம சாக்கு கட்டி வெச்சிருக்கோம்."

"அதுக்கும் அண்ணனுக்கும் என்ன பாய்?"

"உனக்குத் தெரியாதா? வீடு வாங்கணும்னு உங்கண்ணன் பேங்க்ல காசு சேத்துக்கினு வந்தாரில்ல? பேங்க்ல போட்டா நீ கேட்டாலும் கேக்காட்டியும் வட்டி விழும். அதை நாம தொடக்கூடாது, பேங்க்லயும் விட்டுவைக்கக் கூடாது. அதனால நன்மைய எதிர்பாக்காம இந்த மாதிரி கழிவறை வேலைக்குத் தள்ளிவிடறது. அவரு வருசா வருசம் அதை எடுத்துத் தனியா வெச்சிருந்தாரு. பழசை இடிச்சுட்டுப் புதுசா கட்டலாம்னு அவரேதான் சொன்னாரு. இடிச்சப்புறம், காசை வேற தேவைக்குக் குடுத்துட்டேன்னுட்டாரு."

"வேற தேவைன்னா?"

"தப்பில்லம்மா. இல்லாதப்பட்டவங்களுக்கும் குடுக்கலாம். நம்ம பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்கிட்ட கேட்டுத்தான் குடுத்தாரு. யாரோ பாவப்பட்ட பொம்பளையாம். புருஷன் இல்ல. தையல் மெஷின் வாங்கிக் குடுத்தாராம். பேரு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. மார்க்கத்துல பேணுதலான மனுசன்."

ஒரு ரயில் மாம்பலத்தில் நின்று, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

மூட்டை தூக்கிப் பழக்கமுள்ளவர்களுக்குத் தெரியும். சுமை முதுகில் ஏறும்போது வலிக்காது. முதல் அடி எடுத்து வைக்கும்போதுதான் அதன் கனம் முழங்காலுக்கு வரும். புஷ்ரா ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் எல்லாம் வந்தது. வாசலிலேயே நிற்கிற அண்ணன். குடிக்காத டீ. பாபியின் இழுத்துக்கொண்ட கை. டப்பாவும் வேண்டாம்.

அவள் பையிலிருந்து கவரை எடுத்தாள். அண்ணனின் பங்கு அப்படியே இருந்தது.

"கதவுக்கு வெச்சுக்குங்க பாய். இது வட்டி இல்ல. ராத்திரியெல்லாம் ஊசி புடிச்சு சம்பாதிச்சது. கக்கூஸுக்கு நல்ல காசு போடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லியே?"

அப்துல் கரீம் பாய் திகைத்தார். "யாரு பேருல ரசீது போடட்டும்மா?"

"பேரு வேணாம். ஒரு பாவப்பட்ட பொம்பளைன்னு போட்டுக்குங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் கவரைப் பிடித்தபடியே நின்றார். பிறகு "யா அல்லாஹ்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, ஜிப்பாப் பையில் போனைத் தேடினார்.

*

சாயங்காலம் அஃப்தாப் வந்தான். பாண்டி பஜாரிலிருந்து ஓடியே வந்தவன்போல் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கம்போல வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, வெட்டுத்துணிகள் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஹாஜிரா பீ இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "நான் போயி நூலு வாங்கினு வர்றேன்" என்று எழுந்துபோனாள். நூல் டப்பா நிறைய நூல் இருந்தது.

புஷ்ரா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கோணலாகப் போவது அவளுக்கே தெரிந்தது.

"கரீம் பாய் போன் பண்ணாரு" என்றான் அஃப்தாப்.

மெஷின் ஓடியது.

"பாப்பா. நிறுத்தும்மா."

"ஏன் நிறுத்தணும்? கக்கூஸ் காசுல வாங்குன மெஷின். நல்லா ஓடுதுண்ணே. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"அப்படிப் பேசாத."

"வேற எப்படிப் பேசுறது? எனக்குக் குடுத்தது தப்புன்னு நான் சொல்லல. இல்லாதவளுக்குக் குடுக்கலாம். நான் இல்லாதவதான். முன்னாடியே சொல்லியிருந்தா, அல்ஹம்துலில்லாஹ்னு வாங்கியிருப்பேன். ஆனா கூட்டுன்னு நான் சொன்னப்போ எதுக்குத் தலைய ஆட்டுன? நான் உன் பார்ட்னர்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே. காலையிலகூட அந்தப் பேங்க் பொண்ணுகிட்ட சொன்னேன், எங்கண்ணந்தான் எனக்கு பேங்க்னு."

அஃப்தாப் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய தன் விரல்களையே பார்த்தான்.

"என்கிட்ட வேற காசு இல்ல புஷ்ரா. இருந்தா குடுத்திருக்க மாட்டேனா? வீட்டுக்குன்னு சேத்தது எல்லாம் ஃபராஸ் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. பத்தாததுக்கு உங்க பாபி நகைய பைத்துல்மால்ல வெச்சேன். இன்னும் மீட்கல. கடைசியில பேங்க்ல நின்னது அந்த வட்டி மட்டுந்தான். நல்ல காசெல்லாம் செலவாயிடுச்சு, கெட்ட காசுதான் மிச்சம். நான் இன்னா பண்ணுவேன்?"

மெஷின் நின்றது.

அவளுக்கு இது தெரியாது. அண்ணனும் பாபியும் வாங்கவிருந்த வீடு, தன் புருஷனுடைய மூச்சாக மாறி மாறி உள்ளே போய் வெளியே வந்து தீர்ந்துபோனது அவளுக்குத் தெரியாது. கழுத்தில் ஒன்றுமில்லாமல் கதவைத் திறந்த ரூபீனா கண் முன்னே வந்தாள்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீ ஒரு நாள்கூட அந்த ஆஸ்பத்திரில அவன வெச்சிருக்க மாட்டியே."

சந்தில் ஒரு ஆட்டோக்காரர் யாரையோ திட்டிக்கொண்டு போனார். புஷ்ரா எழுந்து உள்ளே போனாள். பால் பொங்குகிற சத்தமும் இஞ்சி தட்டுகிற சத்தமும் கேட்டன. ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து அவன் எதிரில் வைத்தாள்.

"இப்ப குடி."

அஃப்தாப் டம்ளரைப் பார்த்தான்.

"ஹஜ்ரத்கிட்ட கேட்டேன்மா. உனக்குக் குடுத்தப்புறம் அது உன்னுது, உன் கையால எனக்கு எது குடுத்தாலும் எனக்கு ஆகும்னுதான் சொன்னாரு. தாராளமா குடிங்கன்னாரு. எனக்குத்தான் தொண்டையில இறங்கல. நானே தொடக்கூடாதுன்னு தள்ளுனது, சுத்திக்கினு என் வாய்க்கே வருதேன்னு தோணுது. உங்க பாபிக்கும் நாந்தான் சொல்லி வெச்சேன். அவ மேல கோவப்படாத."

"கோவம் இல்லண்ணே. உன் மார்க்கம் உனக்கு இடம் குடுத்துச்சு. உன் மனசுதான் குடுக்கல. எனக்கு ஆகும், உனக்கு ஆகாது. அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க இல்லையா?"

அஃப்தாப் மெல்லக் கை நீட்டினான். டம்ளரை எடுத்தான். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி உதட்டருகே கொண்டுபோனான்.

புஷ்ரா அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டதைத்தான் பார்த்தாள். அவன் கையிலிருந்து டம்ளரை மெல்ல வாங்கி, வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

"வேணாண்ணே. எனக்காகக் குடிக்காத."

அவள் போனை எடுத்தாள்.

"மதுவந்தியம்மா, புஷ்ரா பேசுறேன். அந்த லோனு... ஆமாம்மா. நெஜமாத்தான். எப்ப வரணும்?"

போனிலிருந்து குரல் சந்தோஷமாக வெளியே சிந்தியது. "திங்கக்கிழம காலம்பற வந்துடுங்கோ! ஆதாரும் போட்டோவும் போதும். என்ன இது, கார்த்தால அப்படி மாட்டேன்னேள்?"

அஃப்தாப் எழுந்து நின்றுவிட்டான். "வட்டிக்கா? புஷ்ரா, வட்டிக்கா வாங்கப் போற?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஆமாண்ணே. பாவம் என் பேருல இருக்கட்டும். மெஷின் வாங்குன காசை உன்கிட்ட குடுத்துடறேன். நீ உன் கக்கூஸக் கட்டிக்கோ. அதுக்கப்புறம் உனக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது. அப்ப வந்து ஒரு டீ குடிப்பியா?"

அஃப்தாப் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் கேட்டது ஒரே ஒரு டீ. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"வட்டிக்கு வாங்கி நடத்துற கடையில நான் எப்படிம்மா டீ குடிப்பேன்?"

பொத்திய கைக்குள் மதுவந்தியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஹலோ... புஷ்ரா? வரேளா? ஃபார்ம் எடுத்து வைக்கட்டுமா?"

புஷ்ரா அண்ணனைப் பார்த்தபடியே, பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.